பழைய மின் பேஸ் கிதார்: அமைப்பும் ஆய்வும் பேணலும்

இசைக் கருவி எதுவாயினும் அது ஒரு பௌதிகக் கருவியும் ஆகும். வீணையின் தந்தியும் குழலின் காற்றும் மிருதங்கத்தின் தோலும் இயற்கை விதிகளுக்கு உட்பட்டே ஒலிக்கின்றன. மின்சாரத்தின் துணைகொண்டு ஒலிக்கும் கருவிகளில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். அவற்றுள் ஒன்றான மின் பேஸ் கிதாரையும், குறிப்பாக 1951-ஆம் ஆண்டிற்கும் 1970-ஆம் ஆண்டிற்கும் இடையே செய்யப்பட்ட பழைய கருவிகளையும் இப்பாடத்தில் ஆராய்வோம். இக்கருவிகள் இன்று பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. ஆதலின் போலிகளும், பகுதிகள் மாற்றப்பட்ட கருவிகளும் சந்தையில் மிகுதி. அறியாமல் வாங்குவோர் பொருளை இழக்கின்றனர். அறியாமல் பழுதுபார்ப்போர் மீட்க இயலாத சான்றுகளை அழிக்கின்றனர். இவ்விரு இழப்பையும் தவிர்ப்பதற்குச் சிறிதளவு விஞ்ஞான அறிவு போதுமானது.

கருவியின் தோற்றம்

மேனாட்டு இசைக் குழுக்களில் மந்தர சுரங்களை ஒலிப்பதற்கு நெடுங்காலம் பயன்பட்டது, ஆள் உயரமுள்ள டபிள் பேஸ் என்னும் கருவியாகும். அதனைச் சுமந்து செல்வது கடினம். அதன் கழுத்தில் மெட்டுகள் இல்லாமையால் சுரத்தானத்தைச் செவியாலேயே கண்டறிதல் வேண்டும். எக்காளமும் முரசும் முழங்கும் குழுவில் அதன் ஒலி அமுங்கிவிடும். இக்குறைகளைப் போக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930-களின் நடுப்பகுதியில் மெட்டுகள் பொருத்திய ஒரு மின் பேஸ் கருவியை உருவாக்கினார். அது பரவவில்லை.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட கருவியே வெற்றி கண்டது. அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய செய்தி. மெட்டுகளின் உதவியால் சுரம் துல்லியமாக அமைவது பற்றி அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் பெயரை அவர் இட்டார். கிப்சன் நிறுவனம் 1953-இல் வயலின் வடிவில் ஒரு பேஸ் கிதாரை வெளியிட்டது. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1950-களின் நடுவில் உட்புறம் குடைவான 500/1 என்னும் கருவியைச் செய்தது. ரிக்கன்பேக்கர் 4000 என்னும் கருவி 1957-இலும், ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் 1960-இலும் வெளிவந்தன. ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965-இன் தொடக்கத்தில் சி.பி.எஸ். என்னும் பெரிய நிறுவனத்துக்கு விற்றார். இதனால் சேகரிப்போர் 1965-ஐ ஓர் எல்லைக்கோடாகக் கொள்வது வழக்கம்.

நம் நாட்டுத் திரையிசையிலும் இக்கருவி தனக்கென ஓர் இடம் பெற்றது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் வெறும் துணை ஒலியாக நில்லாது, பாட்டினூடே தனியொரு மெட்டாக நடப்பதை நேயர்கள் நன்கறிவர்.

தந்தியின் கணக்கு

பேஸ் கிதாரில் நான்கு தந்திகள் உள்ளன. அவற்றின் அதிர்வெண்கள் முறையே வினாடிக்கு 41.2, 55, 73.4, 98 ஆகும். சாதாரணக் கிதாரின் தடித்த தந்தி வினாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. எனவே பேஸ் கிதாரின் முதல் தந்தி அதனினும் சரியாக ஒரு ஸ்தாயி தாழ்ந்தது.

தந்தியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் எடை. நீளம் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும். எடை நான்கு மடங்கானாலும் அதிர்வெண் பாதியாகும். சாதாரண ஃபெண்டர் கிதாரின் தந்தி நீளம் 25.5 அங்குலம். அதே நீளத்திலும் அதே இழுவிசையிலும் ஒரு ஸ்தாயி தாழ்த்த வேண்டுமாயின் தந்தியின் எடையை நான்கு மடங்காக்குதல் வேண்டும். அவ்வளவு பருமனான தந்தி விறைப்பாகி, மேற்சுரங்கள் பிசகி, கலங்கிய ஒலியைத் தரும். ஃபெண்டர் தேர்ந்த 34 அங்குல நீளத்தில் எடையை இரண்டேகால் மடங்காக்கினாலே போதுமானது. டபிள் பேஸின் தந்தி ஏறத்தாழ 42 அங்குலம். மனிதக் கை எட்டும் தொலைவுக்கும் தெளிந்த ஒலிக்கும் இடையே காணப்பட்ட இணக்கமே 34 அங்குலம் எனலாம்.

மெட்டுகளின் இடமும் கணக்கிற்குட்பட்டதே. அடுத்தடுத்த சுரங்களின் அதிர்வெண் விகிதம் 1.0595. எனவே 864 மில்லிமீட்டர் நீளமுள்ள தந்தியில் முதல் மெட்டு, மேட்டிலிருந்து 48.5 மில்லிமீட்டர் தொலைவில் அமையும். பன்னிரண்டாம் மெட்டு சரியாக நடுவில், 432 மில்லிமீட்டரில் அமையும். கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டதோ, மெட்டுகள் பெயர்த்து மீண்டும் பதிக்கப்பட்டனவோ என்னும் ஐயம் எழுந்தால் ஓர் அளவுகோலே முதற் சாட்சியாகும்.

காந்தமும் கம்பிச் சுருளும்

தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்பு பிக்கப் எனப்படும். தந்திகளுக்கு அடியில் சிறு காந்த உருளைகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி, தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், அதன் மேல் எனாமல் பூச்சு உண்டு. தந்தி எஃகினால் ஆனமையால் காந்தப் புலத்தில் தானும் காந்தத்தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. ஃபாரடேயின் விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. நைலான் தந்தி பூட்டினால் இக்கருவி பேசாது என்பதை இதிலிருந்து உணரலாம்.

சுருளுக்குத் தந்தியின் அசைவு வேறு, அறையில் உலவும் மின்கம்பிகளின் காந்தப் புலம் வேறு என்று பிரித்தறியத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. தடித்த தந்தியின் மூன்றாம் மெட்டில் எழும் சுரத்தின் அதிர்வெண் 49. ஆகவே மின் இரைச்சல் பேஸ் கிதாரின் சுரங்களுக்கு இடையிலேயே புகுந்து நிற்கிறது. இதனைத் தவிர்க்க ஃபெண்டர் 1957-இல் பிக்கப்பை இரு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதியின் காந்த முனை மற்றதற்கு எதிரானது. சுருளின் சுற்றுத் திசையும் எதிரானது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழிக்கிறது. தந்தியின் ஒலியோ இரு முறை திருப்பப்பட்டமையால் அழியாது நிற்கிறது. ஜாஸ் பேஸில் இரு தனிப் பிக்கப்புகள் இதே முறையில் எதிரெதிராய் அமைந்துள்ளன. அதனால் இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் மீண்டும் எழும். இஃது இயல்பேயன்றிப் பழுதன்று. இதனை அறியாமல் நல்ல பிக்கப்பைக் கழற்றி எறிந்தவர் பலர்.

வயதை அறியும் முறை

பழைய ஃபெண்டர் கருவியின் வயதை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. கழுத்து பொருந்தும் இடத்தில் உள்ள உலோகத் தகட்டின் தொடர் எண்கள் பெட்டியிலிருந்து கைக்கு வந்த வரிசையில் பொருத்தப்பட்டவை. ஆண்டு வரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றியவை அல்ல. ஆதலின் வேறு சான்றுகளையும் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, கழுத்தின் அடிப்பகுதி. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் அங்கே பென்சிலாலோ முத்திரையாலோ குறிக்கப்பட்ட தேதி காணப்படலாம். அது கழுத்துச் செய்யப்பட்ட தேதியே. கருவி முழுமை பெற்ற தேதியன்று.

இரண்டாவது, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் பொறித்த எண். எடுத்துக்காட்டாக 304 6320 என்றிருப்பின், 304 என்பது அதனைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறி. 63 என்பது 1963-ஆம் ஆண்டு. 20 என்பது அவ்வாண்டின் இருபதாம் வாரம். 137 எனத் தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்துடையது. 1950-களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம் இட்டதும் உண்டு. இவ்வுறுப்புகள் மொத்தமாக வாங்கிச் சேமிக்கப்பட்டமையால், 1966-ஆம் ஆண்டின் உறுப்புகள் அதற்குப் பின் சில ஆண்டுகள் செய்த கருவிகளிலும் காணப்படுகின்றன.

மூன்றாவது, பொருள்களும் வடிவமும். 1951-இன் உடல் தட்டையான பலகை; 1954 முதல் விளிம்புகள் உடலோடு இயையுமாறு சரிக்கப்பட்டன. விரற்பலகை தொடக்கத்தில் மேப்பிள் மரத்தண்டிலேயே அமைந்திருந்தது. 1959 முதல் கருங்காலி போலத் தோன்றும் ரோஸ்வுட் பலகை ஒட்டப்பட்டது. அது முதலில் தடித்ததாகவும், 1962-க்குப் பின் மெல்லியதாகவும் இருந்தது.

இச்சான்றுகளை எடைபோடுவதற்கு ஒரு விதி உண்டு: மூல உறுப்புகளுள் மிகப் பிந்தியது எதுவோ, கருவி அதனினும் முந்தியதாக இருத்தல் இயலாது. தேதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் பற்றாசு வைத்த இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்குக. பழைய பற்றாசு மங்கிய சாம்பல் நிறம் காட்டும். பிற்காலத்தில் தொட்ட இடம் பெரும்பாலும் பளபளப்பாகவோ, உருகிய மெழுகுப் பசை சூழ்ந்தோ இருக்கும். பூச்சின் தொன்மையை அறியப் புறஊதா விளக்கும் உதவும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அவ்வொளியில் மஞ்சள் கலந்து ஒளிரும். பின்னர் தீட்டிய இடம் வேறு நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

பிக்கப்பின் நலத்தை மல்டிமீட்டரால் அளந்தறியலாம். பிரிசிஷன் பேஸின் பிரிந்த பிக்கப் பொதுவாக 10 முதல் 12 ஆயிரம் ஓம் வரையும், ஜாஸ் பேஸின் ஒவ்வொரு பிக்கப்பும் 7 முதல் 8 ஆயிரம் ஓம் வரையும் காட்டும். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் கம்பி எங்கோ அறுந்துள்ளது. அளக்கும்போது வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயர்கிறது. 20 பாகையில் 11,000 ஓம் காட்டிய சுருள், 35 பாகைக் கோடையில் ஏறத்தாழ 11,650 ஓம் காட்டும். சுருள் மாறவில்லை, பருவமே மாறியது.

பொருள்களின் மூப்பு

மரம் ஈரத்தை உண்பதும் உமிழ்வதும் நிற்பதில்லை. 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாயின் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிலைபெறும்; 80 சதவீதமாயின் 15 சதவீதத்துக்கு மேல் ஏறும். மரம் தன் நார்களுக்குக் குறுக்கே விரியும். நான்கு தந்திகளின் இழுவிசை சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகக் கழுத்தை முன்னோக்கி வளைக்கிறது. கழுத்தினுள் புதைந்த எஃகுத் தண்டு அதனை எதிர்த்து நிற்கிறது. பருவம் மாறுகையில் இச்சமநிலை குலைந்து, தந்திகள் மெட்டுகளில் உரசும்.

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு காலப்போக்கில் மஞ்சளாகிச் சுருங்குகிறது. மரமும் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், குளிரில் கிடந்த கருவியைத் திடீரென்று வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் நுண் வெடிப்புகள் தோன்றும். இப்பூச்சு ரப்பருக்கும் வினைலுக்கும் பகை. அப்பொருள்களில் கலந்துள்ள மென்மையூட்டிகள் பூச்சினுள் ஊடுருவி அதனைப் பிசுபிசுப்பாக்கும். ரப்பர் உறையிட்ட தாங்கியில் மாதக்கணக்கில் நிறுத்திய கருவியில் அத்தாங்கியின் தடம் அழியாது பதிந்துவிடும்.

1960-களின் முற்பகுதியில் செய்த ஆமையோட்டு நிற முகத்தகடுகள் பல செல்லுலாய்டால் ஆனவை. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். கற்பூரம் மெல்ல ஆவியாகிப் போவதால் தகடு சுருங்கி, திருகாணித் துளைகளில் விரிசல் விடும். சிதைவு முற்றினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிப்பட்டு, காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகி, அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். இது எளிதில் தீப்பற்றும் பொருளும் ஆகும்.

அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றின் கலவையான ஆல்னிகோ காந்தம் தானாகவே அவ்வளவு விரைவில் வலிமை இழப்பதில்லை. ஆயினும் எதிர்ப் புலத்துக்கு எளிதில் இணங்கிவிடும். பெரிய ஒலிபெருக்கியின் காந்தத்தருகே பிக்கப்பை வைத்தல் தவறு.

நம் தட்பவெப்பத்தில் பேணுதல்

சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் ஈரமும் உப்புக் காற்றும் முதற் பகைவர்கள். பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

1. கருவி வைத்துள்ள அறையில் ஈரமானி ஒன்று இருத்தல் வேண்டும். ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நன்று. அவ்வளவுக்குக் குறைக்க இயலாவிடினும் திடீர் ஏற்றத்தாழ்வைத் தவிர்த்தலே முதன்மையானது.

2. பெட்டியினுள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, அவ்வப்போது எடுத்துச் சூடாக்கி ஈரம் போக்கி மீண்டும் பயன்படுத்துக. அந்துருண்டை இடலாகாது, அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குகளை மென்மையாக்கும்.

3. செல்லுலாய்டுத் தகடுள்ள கருவியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் மூடிவைக்கலாகாது. வாரம் ஒரு முறையேனும் பெட்டியைத் திறந்து காற்றாட விடுக.

4. வாசித்தபின் தந்திகளையும் மெட்டுகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க. தின்னர், அசிட்டோன், கைகழுவும் சாராயக் கரைசல் ஆகியவை பூச்சைத் தொடலாகாது.

5. எஃகுத் தண்டைத் திருப்பும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேற்படாது, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து மேற்செல்க. பழைய மரையை வலிந்து திருப்பி அறுத்தால் விரற்பலகையைப் பெயர்க்க நேரிடும்.

6. கழுத்தைக் கழற்றி ஆராய்வது ஒரு முறை போதும். தேதியை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் மறுமுறை கழற்ற வேண்டியதில்லை. திருகாணித் துளைகளும் தேயா.

உயிருக்கு ஊறு விளைக்கும் ஒன்று

கிதாரினுள் ஓடும் மின்னழுத்தம் அற்பமானது. ஆனால் அதனோடு வந்த பழைய வால்வு ஒலிபெருக்கியினுள் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அமெரிக்காவில் 1950-களிலும் 1960-களிலும் செய்த பல கருவிகளில் நிலத்தொடுப்பு இல்லை. இரு முள் செருகியே உண்டு. உலோகப் பெட்டிக்கும் மின்கம்பிக்கும் இடையே ஒரு மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும். அது பழுதடைந்தால் மின்னோட்டம் உலோகப் பெட்டிக்கும், அங்கிருந்து கிதாரின் தந்திகளுக்கும் பாயும். வாசிப்பவர் ஒரு கையால் தந்தியையும் மறு கையால் நிலத்தொடுப்புள்ள ஒலிவாங்கியையும் தொட்டால் உயிரிழக்க நேரிடலாம். பழம்பொருள் என்னும் பற்றினால் இவ்வமைப்பை அப்படியே விடுதல் அறிவுடைமையன்று. அந்த மின்தேக்கியை நீக்கி மூன்று முள் செருகி பொருத்துதல் கட்டாயம். தகுதி பெற்ற மின்னியல் வல்லுநரே இதனைச் செய்தல் வேண்டும்.

இன்னொன்று: அக்கருவிகள் ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கும் வினாடிக்கு 60 சுற்றுக்கும் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டைக் குறைக்கும் மின்மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்யும். 50 சுற்றை 60 ஆக்காது. 60 சுற்றுக்கே அளந்து செய்த மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் 50 சுற்றில் தெவிட்டு நிலையை நெருங்கிச் சூடேறும். எனவே சூட்டைக் கண்காணித்தல் வேண்டும்.

மரத்தின் வழக்கு

1960-களின் நடுப்பகுதி வரை விரற்பலகைகளுக்குப் பயன்பட்டது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அதன் பின்னர் இந்திய ரோஸ்வுட் பெருவழக்காயிற்று. நாம் ஈட்டி அல்லது தோதகத்தி என வழங்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. பிரேசில் மரம் 1992 முதல் அழிவாபத்துள்ள உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் உள்ளது; தக்க சான்றிதழின்றி அதனை நாட்டெல்லை கடத்தல் குற்றம். ஈட்டி உள்ளிட்ட அக்குலத்து மரங்கள் 2017-இல் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றால் ஆன முழுமையான இசைக் கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே 1962-ஆம் ஆண்டுக் கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் விலையைக் கேட்குமுன் விரற்பலகையின் மரத்தைக் கேட்டறிதல் நலம்.

மாற்றுவதா, விடுவதா?

இறுதியாக எழும் கேள்வி இதுவே. நிறம் மங்கிய கருவியை மீண்டும் தீட்டலாமா? வணிகர் வழக்கில், மறுபூச்சுப் பெற்ற கருவியின் விலை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. விலை ஒருபுறமிருக்க, அக்காலத்துப் பூச்சின் அடுக்குகளும் தேய்மானத் தடங்களும் ஒரு முறை சுரண்டப்பட்டால் மீளா.

ஆயினும், தொடாமையே பேணல் என்று கொள்வதும் முழு உண்மையன்று. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் மெட்டுகளைப் பிடுங்கி, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியை விரற்பலகையில் பூசினார். சேகரிப்போர் கணக்கில் அது சிதைவே. எனினும் அக்கருவியிலிருந்துதான் பேஸ் இசையின் புதியதொரு குரல் பிறந்தது. டெட்ராயிட்டின் மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷன் பேஸில் தட்டையாகச் சுற்றிய தடித்த தந்திகளைப் பூட்டி, அவை அறுந்தாலன்றி மாற்றாது விட்டார். மேற்சுரங்கள் அடங்கிய அந்தக் கனிந்த ஒலிக்குக் கருவியின் வயது காரணமன்று. அவர் வாசித்தபோது அது புதுக் கருவியே. தந்தியும் விரலுமே காரணம். பழைய கருவி பழையது என்பதாலேயே இனிமையாக ஒலிக்கும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் கருவி 1972-இல் லண்டனில் திருடப்பட்டது. 2023-இல் பொதுமக்களுக்கு விடுத்த வேண்டுகோளின் பயனாக அது ஒரு வீட்டுப் பரணில் கண்டெடுக்கப்பட்டு, 2024-இல் உரியவரிடம் சேர்ந்த செய்தி வெளியாயிற்று. பழுதுபார்த்தபின் அவ்வாண்டு டிசம்பரில் அவர் அதனை லண்டன் மேடையில் மீண்டும் வாசித்தார். ஐம்பது ஆண்டுகள் மறைந்திருந்த கருவியை அதுவேயென உறுதி செய்ய உதவியவை அதன் தனித்த அடையாளங்களும் பழைய படங்களுமே. கருவி உடையோர் ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் எண்ணையும், வடுக்களையும், மரத்தின் இழையோட்டத்தையும் படமெடுத்து வைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவற்றால் பெறப்படும் நெறி எளியது. உயிருக்கு ஊறு செய்வதை உடனே மாற்றுக. வாசிப்புக்குத் தடையானதைச் செப்பனிடுக. அழகுக்காக மட்டும் எதனையும் மாற்றாதிருக்க. மாற்றிய பழைய உறுப்பைத் தேதியிட்ட உறையில் கருவியோடே வைக்க. நம் நாட்டுச் சட்டப்படி பழம்பொருள் எனக் கருதப்பட ஒரு பொருளுக்குப் பொதுவாக நூறாண்டு நிறைதல் வேண்டும். முதல் பிரிசிஷன் பேஸ் அவ்வயதை 2051-இல் எட்டும். அதுவரை அதனைக் காக்கும் பொறுப்பு உடையவரையே சாரும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கருவியின் கழுத்தில் 1962 அக்டோபர் என்னும் தேதியும், இரு வால்யூம் கண்ட்ரோல்களில் 304 6320 என்னும் எண்ணும் உள்ளன. பற்றாசு தொடப்படவில்லை. அக்கருவி எப்போது முழுமை பெற்றிருக்கலாம்? காரணம் கூறுக.

2. 30 அங்குலத் தந்தி நீளமுள்ள பேஸ் கிதாரில், 34 அங்குலக் கருவியின் தந்தியையே அதே சுருதிக்குக் கூட்டினால் இழுவிசை கூடுமா, குறையுமா? எவ்வளவு?

3. ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை முற்றிலும் குறைத்தவுடன் இரைச்சல் எழுகிறது. இது பழுதா? விளக்குக.

விடைகள்: (1) 1963 மே மாதத்தின் நடுப்பகுதிக்கு முன்னர் அன்று; பிந்திய மூல உறுப்பே எல்லையாகும். (2) குறையும், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் ஏறத்தாழ 78 சதவீதமாகும். (3) பழுதன்று, எதிரெதிர்ச் சுருள்களுள் ஒன்று விலகியமையால் இரைச்சலை அழிப்பார் இல்லை.